உப்புக் காசு எங்கே போனது?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சாவகாசமாகச் சொல்கிறேன். ஜெர்மனியில் லூனெபர்க் என்று ஒரு பழைய உப்பு ஊர். அதன் சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் நகர மன்றமும் நீரூற்றும் செங்கல் மாளிகைகளும் உப்புக் காசில் எழுந்தவை. நம் மரக்காணமும் உப்பு ஊர்தான். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இதுவே என்பார்கள் அறிஞர்கள். பூமீசுவரர் கோயிலின் சோழர் கல்வெட்டுகளிலும் உப்பளம் வருகிறது. இங்கே ஏன் அப்படியொரு சதுக்கம் எழவில்லை?

முதலில் வெயில். வட ஐரோப்பாவில் வெயிலை நம்பி உப்பு விளைவிக்க முடியாது. லூனெபர்கில் நிலத்தடியில் கெட்டியான உப்புநீர் இருந்தது. விறகெரித்து ஈயத் தொட்டிகளில் காய்ச்சினார்கள். பால்டிக் கடலோர மீனவருக்கு உப்பில்லாவிட்டால் ஹெர்ரிங் மீன் அழுகிவிடும். அதனால் நல்ல விலை. 1398இல் ஸ்டெக்னிட்ஸ் கால்வாய் திறந்தபின் லூபெக் துறைமுகத்துக்கு உப்பு படகிலேயே போயிற்று. உப்பு ஆலை நடத்தியவர்களே நகர மன்றத்திலும் உட்கார்ந்ததால் காசில் ஒரு பங்கு ஊரிலேயே தங்கியது. (அடியில் உப்பு குறையக் குறைய நிலம் தாழ்ந்து, ஒரு தேவாலயத்தையே இடிக்க வேண்டி வந்தது தனிக் கதை.)

மரக்காணத்தில் விறகுச் செலவில்லை. உப்பங்கழி நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிட்டு, உப்பு பூத்ததும் பலகையால் வாரி அம்பாரம் போடுகிறார்கள். ஆனால் தமிழ்க் கடற்கரையில் வேறு பல ஊர்களும் இதைச் செய்ய முடியும். விலை எப்படி ஏறும்? சங்க காலத்து உப்பு வணிகரான உமணர் உப்பை வண்டியில் ஏற்றிப்போய் உள்நாட்டில் நெல்லுக்கு மாற்றினார்கள். வண்டி நின்ற இடம்தான் சந்தை.

ஆனால் வெயிலை மட்டும் குறை சொல்லக்கூடாது. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு சென்னை மாகாண உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அதன் பின் உப்பு லாபம் போனது கஜானாவுக்கு. மரக்காணம் வரை நீண்ட பக்கிங்காம் கால்வாய் சரக்கைச் சென்னைப் பக்கம் இழுத்தது. விளைந்த ஊருக்கு மிஞ்சியது கூலிதான்.

லூனெபர்க் ஆலையை 1980இல் மூடிவிட்டார்கள். மரக்காணத்தில் இன்றும் உப்பு வாருகிறார்கள். மழை மாதங்களில் பாத்தியில் வேலை இல்லை, அந்தக் கூலியும் இல்லை. அப்போது உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். அது போதாது என்பதே என் கட்சி.