கம்பெனி வாசல் வரை வந்த ஊசி

திருப்பூரில் அறுபத்தைந்து தாண்டிய பெரியவர் யாருடைய சட்டைக் கையையாவது தோள்வரை சுருட்டிப் பார்த்தால், ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் வழவழவென்று ஒரு வட்டத் தழும்பு இருக்கும். சிலருக்கு இரண்டு. சிலருக்கு முழங்கைக்குக் கீழேயும் ஒன்று. அம்மை குத்தின தழும்பு. 2021-இல் பள்ளிக்கூடங்களில் கொரோனா முகாம் நடந்தபோது ஊசி போட உட்கார்ந்திருந்த நர்சுப் பெண்கள் பலருக்கும் இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "இது என்னங்க பாட்டி, தீப்பட்டதா?" என்று கேட்டவர்கள் உண்டு. பெரியம்மைக்குக் குத்துவது நின்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பெண்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்?

அந்தத் தழும்பு எப்படி விழுந்தது என்று கேட்டால் பெரியவர்கள் அரைமணி நேரம் பேசுவார்கள். அப்போது திருப்பூர், கோயமுத்தூர் ஜில்லாவில் ஓர் ஊர். அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளிப் பக்கமெல்லாம் பருத்தியும் சோளமும். அம்மை குத்துகிறவர் வருகிறார் என்ற சத்தம் முதல் தெருவில் கேட்டதும் பிள்ளைகள் சோளக்காட்டுக்குள் ஓடிவிடும். கைக்குழந்தைக்காரிகள் முந்தானைக்குள் பிள்ளையை மறைத்துக்கொண்டு புறக்கடை வழியே நழுவுவார்கள். வந்தவர் பையில் சிரிஞ்சு கிடையாது. சின்னதாக ஒரு கம்பி, அதன் நுனியில் பல் வைத்த வட்டத் தகடு. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்தெடுத்த அம்மைப்பாலைக் கையில் ஒரு சொட்டு வைத்து, அதன்மேல் தகட்டை அழுத்தித் திருகுவார். தோல் கிழியும். நாலைந்து நாளில் கொப்புளம், பிறகு சீழ், காய்ச்சல். பக்கு உதிர மூன்று வாரம் ஆகும். 1960-களின் கடைசியில் கவட்டை முனை ஊசி வந்த பிறகுதான் அந்தத் திருகுத் தகடு மெல்ல மெல்ல ஒழிந்தது.

ஓடி ஒளிந்தவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று எழுதிவிடுவது சுலபம். ஆத்தா இறங்கியிருக்கிற ஊரில் உடம்பைக் கீறுவதா என்ற பயம் இருந்தது உண்மைதான். அதைவிடப் பெரிய பயம் அந்தத் தகடு. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கை புண்ணாகி வீங்கியதைக் கண்ணால் பார்த்த பயம் அது. நியாயமான பயம் என்றே எனக்குப் படுகிறது. சம்மதம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக் குத்தினார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. "அப்படித் தொரத்தித் தொரத்திக் குத்துனதுனாலதானுங்க அது போச்சு" என்று சொல்கிறவர்களும் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஃப்ளூ என்கிற சளிக்காய்ச்சலின் கதை வேறு. அதற்காக யாரும் துரத்தவில்லை. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த ரஜுலா கப்பல் சென்னைத் துறைமுகத்தில் நின்றபோது பயணிகளோடு ஆசியக் காய்ச்சலும் இறங்கியது. அடுத்த பிப்ரவரிக்குள் நாடு முழுக்கப் பதிவானவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல். அந்தக் கிருமியை ஆராய்ந்தது குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட். இந்தியாவின் இன்ஃப்ளூயன்சா மையம் அப்போது அங்கேதான் இருந்தது. திருப்பூர்க்காரர் மேட்டுப்பாளையம் போய் மலையேறினால் எட்டிவிடுகிற தூரம். ஆனால் கொங்கு நாட்டில் அந்த இடத்துக்கு ஒரே பெயர், நாய்க்கடி ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை நாய்ப் பக்கம் அண்டவிடாமல் வைத்திருந்தார்கள். ஃப்ளூவுக்கும் ஓர் ஊசி உலகத்தில் இருக்கிறது என்ற சேதி மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை. கீழே கொள்ளு ரசம், சுக்குக் காப்பி, வேது பிடித்தல். அதோடு சரி.

பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த பிறகு இந்தத் தலைமுறைக்குத் தெரிந்த ஊசிகள் இரண்டு. ஒன்று, விரலில் ஏறுகிற ஊசி. ஓவர்லாக் மிஷினில் கண் அசந்தால் நகத்தோடு சேர்த்து இறங்கிவிடும். உடைந்த முனையைக் கொறடு வைத்து இழுத்துப் போட்டு, ஒரு டிடி (டெட்டனஸ் ஊசி) போட்டுக்கொண்டு, மத்தியானமே வந்து மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிடுவார்கள். இன்னொன்று, காய்ச்சலுக்குப் போடுகிற ஊசி. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுக்கிற டாக்டரை இந்த ஊர் லேசில் நம்பாது. "ஒரு ஊசி போட்டு உடுங்க சார், நாளைக்கு ஷிப்டுக்குப் போகோணும்." அதே ஆள், உடம்புக்கு ஒன்றுமில்லாதபோது போடுகிற ஊசியைக் கண்டால் ஒதுங்குவார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. வாரச் சம்பளக்காரருக்குக் காய்ச்சலைப் போக்குகிற ஊசி கூலியைக் காப்பாற்றுகிறது; காய்ச்சலை வரவழைக்கிற ஊசி இரண்டு நாள் கூலியைத் தின்கிறது. பாட்டிக்குக் காய்ச்சல் அடித்தாலும் லீவு போடப்போவது வேலைக்குப் போகிற மகள்தான்.

2021 மார்ச் 1-ஆம் தேதி அறுபது வயதானவர்களுக்குக் கொரோனா ஊசி திறந்தபோது இந்தக் கணக்கெல்லாம் சேர்ந்தே வேலை செய்தது. முதல் வாரங்களில் தயக்கமே அதிகம். ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்துபோனார். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு அந்த அக்டோபரில் சொன்னது. ஆறு மாதம் கழித்து வந்த அறிக்கையை எந்த டீக்கடையில் யார் படிக்கப்போகிறார்கள்? அதற்குள் மே மாதம் வந்துவிட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றிலும் தொற்று ஏறியது. அந்த மாதக் கடைசியில் கோவையின் தினசரி எண்ணிக்கை சென்னையையே தாண்டியது. ஊசி வேண்டாம் என்றவர்கள் விடிவதற்கு முன்பே டோக்கனுக்காக வரிசையில் நின்றார்கள்.

மே 20-ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் திருப்பூருக்கு வந்தார். 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கான தடுப்பூசித் திட்டத்தை நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில் தொடங்கிவைத்தார். மாநிலத்துக்கே தொடக்கம் இங்கேதான். ஏன் திருப்பூர் என்று யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. டெய்லர் படுத்தால் ஷிப்மென்ட் படுக்கும். தொடர்ந்து பல கம்பெனிகள் தங்கள் வளாகத்திலேயே முகாம் நடத்தின. அதனால் பல உயிர்கள் தப்பின, அதில் சந்தேகமில்லை. ஆனால் பெரியவர்கள் கண்ணுக்கு இன்னொன்றும் பட்டது. ஊசி கம்பெனி வாசல் வரை வந்தது. கம்பெனியை விட்டு நின்றவர்கள்தான் டோக்கன் வாங்க வெயிலில் நின்றார்கள்.

முப்பது வருஷம் செக்கிங் டேபிளில் நின்று பழகிய ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். உதவியாளாகக் கைமடி வேலைக்குச் சேர்ந்து, பிசிர் வெட்டி, செக்கிங்குக்கு ஏறியவர். பாதி நாள் கான்ட்ராக்டில் வேலை. ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டு அட்டை ஒரு கம்பெனியில் இருந்தது, அடுத்ததில் இல்லை. ஐந்து வருஷம் காப்பீட்டில் இருந்து முறைப்படி ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் ஈஎஸ்ஐ வைத்தியம் தொடரும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. பனியன் வேலையில் முறைப்படி ஓய்வு பெற்றவரைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். கண் மங்கி, ஓட்டை பீஸ் நல்ல பீஸோடு கலந்து போக ஆரம்பித்தால் நின்றுகொள்ள வேண்டியதுதான். அந்த அம்மா அப்படித்தான் நின்றார்.

அவருக்குக் கொரோனா ஊசியின் முதல் இரண்டு தவணையும் பேரன் மூலமாக நடந்தது. தடுப்பூசிக்கான கோவின் தளத்தில் பதிந்தது பேரன், அலைபேசி எண்ணும் அவனுடையது. (மாநில மொழிகளை அந்தத் தளத்தில் சேர்த்தபோது முதல் பட்டியலில் தமிழே இல்லை, சத்தம் கிளம்பிய பிறகுதான் சேர்த்தார்கள்.) மூன்றாவது ஊசிக்கான குறுஞ்செய்தி வந்தபோது பேரன் வேறு சிம் மாற்றியிருந்தான். 2022 ஜனவரி 10-இல் தொடங்கிய அந்த ஊசிக்கு அரசு வைத்த பெயர் முன்னெச்சரிக்கை தவணை. ஊரார் வாயில் பூஸ்டர். பொதுமக்களில் முதலில் அறுபது தாண்டிய, இணைநோய் உள்ளவர்களுக்கு மட்டும். மார்ச்சில் அறுபது தாண்டிய எல்லோருக்கும். இரண்டாவது ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும் என்றார்கள், ஜூலையில் அதை ஆறாகக் குறைத்தார்கள். நாள் கணக்கு மாற மாற, கேட்டுக்கொண்டிருந்தவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

"ரெண்டாவது ஊசிக்கு டோக்கனுக்குச் சண்டையே நடந்துச்சுங்க. மூணாவதுக்குப் போனா அந்தப் பிள்ளைக ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்குதுக. எனக்கே பயமாப் போச்சு, ஏனுங், யாருமே வரலியே, இது வேண்டாத ஊசியோன்னு." கூட்டமில்லாத முகாமைப் பார்த்து ஒருவருக்குப் பயம் வரும் என்பதை அவர் சொல்லும்வரை நான் யோசித்ததில்லை. நல்ல துணிக்கடை எது என்று கூட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஊரில் அது இயல்புதான். போட்டுக்கொண்டார். அரைமணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள், பாராசிட்டமால் நாலு கொடுத்தார்கள், ஒரு ராத்திரி உடம்பு வலித்தது. முடிந்தது.

கொரோனா ஊசிக்கான மெகா முகாம்களைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2021 செப்டம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்துகொண்டிருந்த முகாமை அக்டோபர் கடைசியில் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஊசி போட்டால் கறியும் தண்ணியும் ஆகாது என்று நம்பி ஞாயிற்றுக்கிழமை பலர் வரவில்லை என்று சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியனே காரணம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கு ஓர் அரசாங்கம் இறங்கி வந்தது. அம்மை குத்திய காலத்து அதிகாரி ஒருவருக்கு இதைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

2024 ஏப்ரல் கடைசியில் மறுபடி ஒரு கலக்கம். கோவிஷீல்டின் மூல நிறுவனமான ஆஸ்ட்ராசெனகா, தன் ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறையலாம் என்று லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. மூன்று தவணையும் அதையே போட்டிருந்த பெரியவர்கள் கால் வலித்தாலும் அதுவோ என்று கேட்டுக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். அந்தப் பாதிப்பு வருவதானால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வந்திருக்கும், பெரும்பாலும் முதல் தவணைக்குப் பிறகு. இரண்டு மூன்று வருஷம் கழித்து வருவதில்லை. இதைப் பொறுமையாகச் சொன்ன டாக்டர்களுக்கு அன்றைக்குப் பாதி ஓபி அதிலேயே போனது. 2025 மே மாதம் கொரோனா எண்ணிக்கை மறுபடி தலைகாட்டியபோது "இன்னொரு பூஸ்டர் உண்டுங்களா?" என்று விசாரித்தவர்களும் இவர்களேதான். அரசு முகாம் எதுவும் இல்லை.

இன்றைக்கு ஃப்ளூ ஊசி கிடைக்கிறது, தனியார் கிளினிக்கில். ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று ஆகிறது. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையின் ஒரு மாதப் பணம் அதற்குப் போதாது. ஒரு தடவையோடும் முடியாது. கிருமி வேஷம் மாற்றிக்கொண்டே இருப்பதால் வருஷாவருஷம் போடவேண்டும். போட்டால் சளியே பிடிக்காது என்றும் இல்லை. நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் படுப்பது குறையும். ஆயுசு பூராவும் பஞ்சுத் தூசி சுவாசித்த நெஞ்சுக்கு அது சின்ன விஷயமில்லை. தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஃப்ளூ ஏறும் என்பதால் புரட்டாசிக்குள் போட்டுக்கொள்வது உத்தமம். இணைநோயுள்ள முதியவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று அரசு பரிந்துரைக்கிறது. இலவசத் தடுப்பூசிப் பட்டியலில்தான் அது இல்லை.

திருப்பூர் டி-ஷர்ட் போய் இறங்குகிற இங்கிலாந்தில் அறுபத்தைந்து ஆனவர்களுக்கு ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஃப்ளூ ஊசி இலவசம். கொரோனா ஊசிக்கும் உரியவராக இருந்தால் ஒரே நாளில் கைக்கு ஒன்றாகப் போட்டு அனுப்புகிறார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. கொண்டுவருகிற பெண்ணைப் பெரியவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். அந்தப் பெண் நர்சைக் கூட்டிவந்து வருஷத்துக்கு ஒரு நாள் ஃப்ளூ ஊசி போடவைத்தால் இந்த ஊரில் பாதிப் பேராவது கையை நீட்டுவார்கள் என்பது என் எண்ணம். காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிற வீடுகளில் இப்போது நடப்பது வேறு. மகன் கிளினிக்குக்கு அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப்போகிறான். விலையைக் கேட்டதும் அம்மா, "அவருக்கு மட்டும் போட்டு உடுங்க, எனக்கென்ன" என்று எழுந்துவிடுகிறார்.

அந்தச் செக்கிங் அம்மாவுக்குப் போன வருஷம் இடுப்பைச் சுற்றி அக்கி வந்தது. அவர் சின்ன வயதில் அக்கி என்றால் மண்பானை செய்கிறவர் வீட்டுக்குப் போவார்கள். பானைக்காரர் செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு அக்கியின்மேல் சிங்கம் எழுதிவிடுவார். இப்போது அக்கிக்கும் ஊசி இருக்கிறதாமே, மறுபடி வராமல் இருக்கப் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் அந்த அம்மாவே கேட்டிருக்கிறார். குத்த வருகிறார்கள் என்று சோளக்காட்டுக்குள் ஓடிய பிள்ளைதான் அவரும். இரண்டு தவணை, ஒரு தவணை பத்தாயிரம் ரூபாய் அளவுக்கு வரும் என்றாராம் டாக்டர்.

"அந்தக் காசுக்குச் சிங்கத்தையே வாங்கிக் கட்டிப்போடலாமுங்க" என்றார் என்னிடம்.