மேடைத் தொழில்நுட்பரின் கைக்கருவிகள்

நாடக அரங்கில் விளக்கு, ஒலி, காட்சியமைப்பு ஆகியவற்றைப் பொருத்தி இயக்குபவர் மேடைத் தொழில்நுட்பர் ஆவார். வேலையின்போது இவர் இடுப்பிலும் சட்டைப் பையிலும் வைத்திருக்கும் கருவிகள் பெரும்பாலும் தச்சரிடமும் மின்பணியாளரிடமும் இருப்பவையே. ஆனால் இவர் வேலை செய்வது உயரத்தில்; பல நேரம் இருட்டில்; கீழே நடிகர்களும் பிற பணியாளர்களும் நடமாடும் இடத்தில். ஆகையால் ஒரு சாதாரண ஸ்பேனரைக்கூட இவர் வேறு விதமாகக் கையாள வேண்டியுள்ளது. பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் தொழில்முறை அரங்குகளில் உள்ள வழக்கம் இங்கே விளக்கப்படுகிறது.

ஸ்பேனரும் கயிறும்

மேடை விளக்குகள் ஏறத்தாழ 48 மி.மீ. விட்டமுள்ள இரும்பு அல்லது அலுமினியக் குழாய்களில் கவ்விகளால் தொங்கவிடப்படுகின்றன. கவ்வியின் மரையை இறுக்கவும், விளக்கின் திசையை மாற்றும்போது தளர்த்தவும் ஸ்பேனர் தேவை. மரைகள் பல அளவுகளில் இருப்பதால், வாயை விரிக்கவும் குறுக்கவும் கூடிய ஸ்பேனரே அதிகம் பயன்படுகிறது. நம் ஊர்க் கடைகளில் இதை ஸ்குரூ ஸ்பேனர் என்று கேட்டு வாங்குகிறோம். 8 அங்குல நீளம் போதுமானது. அதைவிட நீளமானதைக் கொண்டு முழு பலத்தோடு இறுக்கினால் குழாய் நசுங்கக்கூடும்.

இந்த ஸ்பேனரின் பிடியில் ஒரு சிறு கயிறு கட்டப்பட்டிருக்கும். கயிற்றின் மறுமுனை இடுப்பு வாரிலோ மணிக்கட்டிலோ மாட்டப்படும். இதன் தேவையைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே கணக்கிடலாம். 8 மீட்டர் உயரத்திலிருந்து கைநழுவும் ஸ்பேனர் 1.3 நொடிக்குள் தரையை அடைகிறது. அப்போது அதன் வேகம் நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கி.மீ. கீழே நிற்பவர் விலகிக்கொள்ள அந்த நேரம் போதாது. மேலிருந்து ஏதேனும் விழுந்தால் ஆங்கில அரங்குகளில் "ஹெட்ஸ்!" என்று கத்துவர். அதைக் கேட்டதும் அண்ணாந்து பார்ப்பதுதான் மனித இயல்பு. முகத்தில் அடிபடுவதும் அதனால்தான். பார்க்காமல் தலையைக் காத்துக்கொண்டு விலகப் புதியவர்களுக்குப் பழக்குகிறார்கள்.

ஏணியில் ஏறுமுன் பைகளைக் காலி செய்வதும் கட்டாயம். சாவிக்கொத்து, நாணயம், கைப்பேசி எதுவும் மேலே போகாது. விளக்குக்கும் இதே விதிதான்: கவ்வி தவறினாலும் விழாமல் இருக்க ஒவ்வொரு விளக்கும் தனியாக ஒரு எஃகுக் கம்பியால் குழாயோடு பிணைக்கப்படுகிறது.

டார்ச்

திரைக்குப் பின்னால் வெளிச்சம் பரவினால் பார்வையாளரின் கவனம் சிதறும். அதனால் அங்கே மங்கிய நீல விளக்குகளே எரியும். தொழில்நுட்பரும் தம் டார்ச்சின் முகப்பில் நீல வண்ணத் தாளின் துண்டு ஒன்றை ஒட்டிக்கொள்வதுண்டு. இரு கைகளுக்கும் வேலை இருக்கும்போது நெற்றியில் கட்டும் டார்ச் உதவும்.

காஃபர் டேப்

இது துணியாலான, பளபளப்பற்ற ஒட்டுநாடா. கத்தரிக்கோல் இல்லாமல் கையாலேயே குறுக்கே கிழிக்கலாம். உரித்தால் பெரும்பாலும் பசை தங்காது. கடைகளில் கிடைக்கும் வெள்ளி நிற டக்ட் டேப்பை இதற்கு மாற்றாகக் கருதுவது தவறு. அது விளக்கொளியில் மின்னும். சூட்டில் இளகிய பசை வயர்களில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். நடக்கும் வழியில் கிடக்கும் வயர்களைத் தரையோடு ஒட்டுவதே காஃபர் டேப்பின் முதன்மையான வேலை. பள்ளி ஆண்டு விழா மேடையில் மைக் வயர் தடுக்கிக் குழந்தை விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நாற்காலி, மேசை வைக்கும் இடங்களைக் குறிக்க வண்ண டேப்பும், இருட்டில் படி விளிம்பு தெரிய ஒளிரும் டேப்பும் உண்டு.

டெஸ்டரும் கையுறையும்

நம் வீடுகளில் உள்ள திருப்புளி வடிவ நியான் டெஸ்டர், அதைப் பிடித்திருப்பவரின் உடல் வழியே செல்லும் மிகச் சிறிய மின்னோட்டத்தால் ஒளிர்கிறது. நிற்கும் இடம் நன்கு காப்பிடப்பட்டிருந்தாலோ சுற்றிலும் வெளிச்சம் மிகுந்திருந்தாலோ அதன் ஒளி தெரியாமல் போகலாம். அது எரியவில்லை என்பதற்காக மின்சாரம் இல்லை என்று முடிவு செய்வது ஆபத்து. அரங்குகளில் இரு முனைகள் கொண்ட சோதனைக் கருவியையே நம்புவர். அதையும் முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்வர்.

ஹாலஜன் விளக்குகளைக் கையாளத் தோல் கையுறை தேவை. எரியும்போது பல்பின் சுவர் 250 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. புதிய பல்பை மாற்றும்போது வெறும் விரலால் தொட்டால், விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் பழுதடைந்து பல்பு வெடிக்கவும் கூடும். அதனால் பல்பைச் சுத்தமான துணியாலோ அது வந்த உறையாலோ பிடிக்க வேண்டும். எல்.ஈ.டி. விளக்குகள் பரவிய அரங்குகளில் இந்தச் சூட்டுத் தொல்லை குறைந்துவிட்டது. ஆனால் அவற்றையும் குழாயில் தொங்கவிடத்தான் வேண்டும் என்பதால் ஸ்பேனரும் அதன் கயிறும் இன்னும் இடுப்பிலேயே இருக்கின்றன.