போச்சம்பள்ளி ஸ்கூட்டர் எனக்கு ஏன் வேண்டாம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூருக்குத் தெற்கே, போச்சம்பள்ளியில் 500 ஏக்கர் நிலத்தில் ஓலா எலெக்ட்ரிக் தொழிற்சாலை இருக்கிறது. 2020 டிசம்பரில் தமிழ்நாடு அரசோடு 2,400 கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2021 ஆகஸ்ட் 15 அன்று எஸ்1 ஸ்கூட்டரை அறிமுகம் செய்தார்கள். ஆகவே கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர் மின்சார வண்டி வாங்கக் கிளம்பினால், "நம்ம ஊர் வண்டி இருக்க வேறெதற்கு?" என்று கேட்பது இயல்பு. ஒரு லட்சம் ரூபாய்க்குள்ளேயே மாடல்கள் கிடைப்பதும் உண்மை. ஆனாலும் நான் அதை வாங்குவதாக இல்லை. மேலை நாடுகளில் டெஸ்லா காரை வேண்டாமென்பவர்களில் பலர் அதன் தலைவர் ஈலான் மஸ்கின் அரசியலைக் காரணம் காட்டுகிறார்கள். நான் முதலாளியின் வாயைப் பார்த்து முடிவு செய்யவில்லை (2024 அக்டோபரில் ஓலா நிறுவனர் பவிஷ் அகர்வால் நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ராவோடு எக்ஸ் தளத்தில் போட்ட சண்டை அழகாக இல்லை என்பது வேறு விஷயம்). வண்டி நின்றுபோனால் யாரிடம் தள்ளிக்கொண்டு போவது என்பதுதான் என் கேள்வி.

ஓசூரிலிருந்து 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் வந்து பட்டிதொட்டியெல்லாம் பரவியதற்கு ஒரு காரணம், அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கை எந்த ஊர் முக்கிலும் இருந்ததுதான். பிளக், கேபிள், கார்புரேட்டர் எல்லாமே உள்ளூர்க் கடையில் கிடைக்கும். மின்சார வண்டியில் தேயும் பாகங்கள் குறைவு. ஆனால் பேட்டரி, கன்ட்ரோலர், மென்பொருள் மூன்றின் சாவியும் கம்பெனியின் கையில். திரையில் ஒரு பிழைச் செய்தி வந்தால் கம்பெனி ஆள்தான் கருவியை இணைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு மேல், டெஸ்லாவைப் போலவே ஓலாவும் டீலர் இல்லாமல் நேரடியாக விற்கும் முறையைத் தேர்ந்தெடுத்தது. பர்கூர் ஜவுளிக் கடையில் வாங்கிய புடவையில் சாயம் போனால் கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். டீலர் என்பவரும் அப்படித்தான். தன் ஊரில் தன் பெயர் கெடக்கூடாதே என்ற பயம் அவருக்கு இருக்கும். அந்த ஆளை நடுவிலிருந்து எடுத்துவிட்டால் விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் வாங்கியவருக்கு மிஞ்சுவது கம்பெனியின் சர்வீஸ் சென்டரும் செயலியும் தொலைபேசி எண்ணும்தான். எனவே வண்டியைவிட அதன் சர்வீஸைத்தான் முதலில் எடைபோட வேண்டியிருக்கிறது.

அந்த எடை என்ன சொல்கிறது? 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டில் ஓலா எலெக்ட்ரிக் மீது தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு 10,644 புகார்கள் வந்தன. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டதாகக் கம்பெனி பதில் சொன்னது. ஆணையம் அதோடு விடாமல் விசாரணைக்கு உத்தரவிட்டது. அதிகம் விற்றவனுக்கு அதிகப் புகார் வரத்தானே செய்யும் என்று கேட்கலாம். சரிதான், எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் புகார்களில் வேறெந்த வகையையும்விட அதிகமானவை சர்வீஸ் தாமதம் பற்றியவை. விற்பனை பெருகியதே காரணம் என்றால், பழுது பார்க்கும் ஏற்பாட்டைச் செய்யாமலே விற்பனையைப் பெருக்கினார்கள் என்றுதானே ஆகிறது? 2024 ஏப்ரலில் நாட்டில் விற்ற மின்சார ஸ்கூட்டர்களில் ஏறத்தாழ பாதி ஓலாவுடையது. அடுத்த ஏப்ரலில் டிவிஎஸ் முந்திவிட்டது. போட்டியும் விலையும் இதில் சேரும். ஆனாலும் பக்கத்து வீட்டு வண்டி சர்வீஸ் சென்டரில் நிற்பதைப் பார்த்தவர்களின் முடிவும் இதில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மற்றவர்கள் மட்டும் யோக்கியமா என்பது நியாயமான கேள்வி. 2023-ல் சார்ஜருக்குத் தனியாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டவர்களில் ஓலாவோடு ஏதர், டிவிஎஸ், ஹீரோவும் உண்டு. 2022-ல் தீப்பிடித்தவையும் ஒரே கம்பெனி வண்டிகள் அல்ல. புனேயில் எரிந்த ஓலா வண்டியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதன்பின் 1,441 வண்டிகளைத் திரும்பப் பெற்றுச் சோதித்தது சரியான செயல். உள்ளூர் வேலைவாய்ப்பு என்ற வாதம் இதைவிடக் கனமானது. முழுக்கப் பெண்களே நடத்தும் ஆலையாக இருக்கும், 10,000 பேருக்கு மேல் வேலை கிடைக்கும் என்று 2021-ல் அறிவித்தார்கள். அந்தச் சம்பளம் பல குடும்பங்களில் அடுப்பெரிக்கிறது. ஆனால் அனுதாபத்துக்காக ஒருமுறை வாங்கும் வாடிக்கையாளரை நம்பி ஆலை ஓடாது; இரண்டாவது வண்டிக்கும் அதே ஷோரூமுக்கு வருபவர்தான் அந்தப் பெண்களின் வேலையைக் காப்பாற்றுவார். தவிர, டிவிஎஸ் ஐக்யூபும் ஏதரும் ஓசூரில் தயாராகின்றன. அதுவும் இதே மாவட்டம்தான். ஓலாவை மறுப்பது பெட்ரோலுக்குத் திரும்புவதும் ஆகாது, நம்ம ஊரைக் கைவிடுவதும் ஆகாது.

2025 அக்டோபரில், ஒரிஜினல் ஸ்பேர்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் தருவதாக ஓலா அறிவித்தது. தாமதமானாலும் சரியான மருந்து. பர்கூரில் ஒரு சாதாரண வொர்க்‌ஷாப்காரர் அந்தக் கன்ட்ரோலரைக் கடையில் வாங்கி அன்றைக்கே மாட்டித் தரும் நிலை வந்தால், என் மறுப்புக்கான முதல் காரணம் போய்விடும். அப்போது விலையைப் பற்றிப் பேசலாம்.