நண்பர் வீட்டில் கிறிஸ்துமஸ்: ஜெர்மனி செலவை யார் கணக்கில் எழுதுவது?

கிறிஸ்துமஸ் ஆர்டரெல்லாம் கப்பல் ஏறிட்டா, டிசம்பர் கடைசியில் திருப்பூர் ஓனர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஜெர்மனியில் செட்டிலான ஃப்ரெண்ட், "குடும்பத்தோட வாங்க, நம்ம வீட்லயே தங்கிக்கலாம்"னு கூப்பிடுறார். ஹோட்டல் செலவு மிச்சம்தான். ஆனா மீதிச் செலவு எந்தக் கணக்கிலிருந்து போகுதுங்கிறதை முதல்லயே முடிவு பண்ணணும். கீழே உள்ளதெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கான விதிகள்.

1. கம்பெனி செலவா எழுதலாமா?

"பையரைப் பார்க்கப் போனேன்னு போட்டுடலாமா சார்?" இதுதான் நம்ம ஊரில் முதல் கேள்வி. வேண்டாங்க. ஜெர்மனியில் டிசம்பர் 25, 26 ரெண்டு நாளுமே அரசு விடுமுறை. அந்த வாரம் எந்த பையர் ஆபீஸில் மீட்டிங் நடந்ததுன்னு அதிகாரி கேட்டா என்ன காட்டுவீங்க?

வருமான வரிச் சட்டம் பிரிவு 37(1)-ன்படி, முழுக்க முழுக்கத் தொழிலுக்காகச் செய்த செலவைத்தான் கழிக்க முடியும். ஆதாரம் இல்லாத செலவைக் கழித்தது பிடிபட்டா, வரியோடு சேர்த்து, அந்த வரியில் 200% வரை அபராதம் வரலாம். நிஜமாவே மீட்டிங் இருந்தா, அந்த நாட்களுக்கு உங்க ஒருத்தர் செலவை மட்டும் மெயில் ஆதாரத்தோட எழுதுங்க. குடும்பச் செலவு ட்ராயிங்ஸில் போகட்டும். பிரைவேட் லிமிடெட்னா, முதல்ல சம்பளமாவோ டிவிடெண்டாவோ எடுத்து, அப்புறம் சொந்தக் கணக்கிலிருந்து செலவு பண்ணுங்க.

2. ஃப்ரெண்ட் பணம் அனுப்பினா?

அவர் வீட்டில் தங்குறது, சாப்பிடுறது பிரச்சினையே இல்லை. ஆனா "டிக்கெட்டுக்கு வெச்சுக்கோ"ன்னு உங்க அக்கவுண்டில் 1,50,000 போட்டா கதை வேற. வரிச் சட்டத்துக்கு நண்பர் உறவினர் கிடையாது. இப்படி வருஷத்துக்கு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினா, தாண்டின தொகைக்கு மட்டும் இல்ல, முழு 1,50,000-க்கும் வரி. இதையே கூடப்பிறந்த அக்கா அனுப்பினா வரி இல்லை.

3. டிசிஎஸ் எங்கே பிடிப்பாங்க?

டிக்கெட்டும் ஹோட்டலும் சேர்ந்த டூர் பேக்கேஜ் வாங்கினா, முதல் ரூபாயிலிருந்தே 5%. 10 லட்சத்துக்கு மேல் 20%. ஃபிளைட் டிக்கெட் மட்டும் வாங்கினா அது பேக்கேஜ் ஆகாது. நண்பர் வீட்டில் தங்குறதில் கிடைக்கிற மறைமுக லாபம் இது.

ஃபாரக்ஸ் கார்டில் ஏத்துற பணத்துக்கு 10 லட்சம் வரை டிசிஎஸ் இல்லை. அதுக்கு மேல் 20%. ஒருத்தர் பேரிலேயே 12 லட்சம் ஏத்தினா 40,000 பிடிப்பாங்க. கணவன், மனைவி ரெண்டு பேருக்கும் சொந்த வருமானம் இருந்து, அவங்கவங்க கணக்கிலிருந்து 6 லட்சம் ஏத்தினா எதுவும் இல்லை. ஒரு எச்சரிக்கை: அதே வருஷம் பையனோட வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பின பணமும் இந்த 10 லட்சத்துக்குள்தான் வரும். பிடிச்ச டிசிஎஸ் போயிடாது. ரிட்டர்னில் கழிச்சுக்கலாம், ரீஃபண்டும் வாங்கலாம். ஆனா அதுவரை அது உங்க கையில் இல்லாத பணம்.

4. கிளம்புறதுக்கு முன்னாடி

ஷெங்கன் விசா கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசாவுக்கு 15 நாளாவது முன்னாடி விண்ணப்பிக்கணும். கிறிஸ்துமஸ் கூட்டத்தை நினைச்சு அக்டோபரிலேயே போடுங்க.

5. திரும்பி வந்த பிறகு

வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவு பண்ணியிருந்தா, வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும். 6 லட்சம் வருமானம் காட்டிட்டு 8 லட்சத்துக்கு டூர் போனா கேள்வி வரும். பழைய சேமிப்பிலிருந்து எடுத்ததா இருந்தா, பேங்க் ஸ்டேட்மென்ட் கையில் இருக்கட்டும்.

அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே, பயணத்துக்குன்னு சொந்தக் கணக்கு ஒண்ணை ஒதுக்குங்க. எல்லாச் செலவும் அதிலிருந்தே போகட்டும். நாளைக்கு நோட்டீஸ் வந்தாலும், அந்த ஒரு ஸ்டேட்மென்ட்டை எடுத்து நீட்டினா பாதி பதில் அதிலேயே இருக்கும்.