ஆழத்து ஆவணங்கள் – 9: நீர் தெளிந்தது, பெயர் மறைந்தது

சென்ற வாரம் பார்த்த வாசா போர்க்கப்பல் 333 ஆண்டுகள் பால்டிக் கடலடியில் கிடந்தும் உளுத்துப்போகவில்லை. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு, உப்புக் குறைந்த அந்த நீரில் பிழைப்பதில்லை. வட அமெரிக்காவின் பேரேரிகளில் உப்பே கிடையாது. ஆழத்தில் கோடையிலும் குளிர் விடாது. ஐந்து ஏரிகளிலுமாக ஏறத்தாழ 6,000 கப்பல்கள் மூழ்கியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஹுரான் ஏரியில் 1875இல் காணாமல்போன ‘கார்னீலியா பி. விண்டியேட்’ கண்டுபிடிக்கப்பட்டபோது, அதன் பாய்மரங்கள் நிமிர்ந்தே நின்றிருந்தன.

ஆனால் மூழ்கிய கப்பல்களை முழுதாகப் பார்ப்பதுதான் அரிதாக இருந்தது. நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கிய முக்குளிப்பாளருக்குப் பல இடங்களில் விளக்கொளி எட்டிய சில அடிகளே தெரியும். மிச்சக் கப்பலைக் கையால் தடவித் தடவி மனத்துக்குள் கட்டிக்கொள்ள வேண்டும். ஈரி ஏரியின் கலங்கலில் அதுவும் கஷ்டம்.

1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கறுப்பும் வெளுப்புமாக வரி போட்ட ஒரு சின்னச் சிப்பி அகப்பட்டது. கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைச் சேர்ந்த ஜீப்ரா சிப்பி அது. அடுத்த ஆண்டே ஈரி ஏரியில் அதன் உறவான குவாகா சிப்பி தென்பட்டது. இதன் பூர்வீகம் உக்ரைன் பக்கத்து ஆறுகள். சரக்கில்லாத கப்பல் நிலைதடுமாறாமல் இருக்கத் தொட்டிகளில் நிரப்பிவரும் நீரில்தான் இவை பெருங்கடலைத் தாண்டின. (எண்ணூர், பழவேற்காட்டு மீனவர்களை வாட்டும் ‘காக்கா ஆழி’யும் இதே வழியில் தென் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் என்றே கருதப்படுகிறது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

ஜீப்ரா சிப்பிக்குப் பற்றிக்கொள்ளக் கெட்டியான இடம் வேண்டும். குவாகாவுக்குச் சேறும் போதும், நூறு மீட்டர் ஆழத்துக் குளிரும் பொருட்டில்லை. ஒரு சிப்பி நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வரை நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்ப் பாசிகளைத் தின்றுவிடும். கோடானுகோடிச் சிப்பிகள் சேர்ந்து செய்த வேலையில் ஏரிகளே தெளிந்தன. 2015 ஏப்ரலில் மிச்சிகன் ஏரிக்கு மேலே பறந்த அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஹெலிகாப்டரிலிருந்தே மூழ்கிய கப்பல்களைப் படமெடுக்க முடிந்தது.

இந்தத் தெளிவைச் சுத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீன்குஞ்சுகளுக்குப் போக வேண்டிய உணவை உறிஞ்சிவிட்டதால் வந்த தெளிவு இது. முக்குளிப்பாளருக்கு வசதியானது மீனவருக்கு இழப்பாகிவிட்டது. முக்குளிப்பாளருக்கும்கூட அது முழு வரமில்லை. ஆப்பிரிக்கா என்ற கப்பலின் கதையில் அது நன்றாகத் தெரியும்.

1895 அக்டோபரில் ஓவன் சவுண்ட் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றிச் சென்ற நீராவிக் கப்பல் அது. ஹுரான் ஏரியில் பனிப்புயலில் சிக்கி, பதினொரு பேருடன் மறைந்தது. 2023 ஜூனில் அதைக் கண்டவர்கள் யுவோன் டிரெபர்ட், ஜாக் மெல்னிக் என்ற கனடியத் திரைப்பட இணையர். அவர்கள் கப்பலைத் தேடிப் போனவர்கள் அல்லர்; குவாகா சிப்பி ஏரிகளை என்ன செய்தது என்பதைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீன்வளக் கணக்கெடுப்பில் ஏரித்தரையில் ஏதோ மேடு தட்டுப்பட்டதாகக் கேள்விப்பட்டு, நீருக்கடியில் கேமராவை இறக்கினார்கள். ஏறக்குறைய 85 மீட்டர் ஆழத்தில், கூடுதல் விளக்கில்லாமலே கப்பல் தெரிந்தது.

தெரிந்ததெல்லாம் சிப்பிதான். பலகை, விளிம்பு, தளம் எல்லாவற்றின் மேலும் சிப்பி அப்பியிருந்தது. பெயரைப் படிக்க வழியில்லாததால் நீளம், அகலம், உயரம் அளந்து, சுற்றிலும் சிதறிக் கிடந்த நிலக்கரியையும் கொண்டு இது ஆப்பிரிக்காதான் என்று உறுதிசெய்தார்கள்.

சுரண்டி எடுத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. சிப்பி தன் உடலிலிருந்து விடும் நார்களால் மரத்தை இறுகப் பற்றியிருக்கிறது. பிய்த்தால் மரத்தின் மேற்பரப்பும், அதிலிருக்கும் வண்ணமும் செதுக்கலும் சேர்ந்து வரும். விட்டுவைத்தாலோ, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் சிப்பிகளின் பாரத்தில் தளங்களும் அறைச் சுவர்களும் சரிகின்றன. அந்த அடுக்குக்கு அடியில் வாழும் பாக்டீரியாக்கள் இரும்பாணிகளை அரிக்கின்றன. ஆணி போனால் பலகைகள் கழன்றுவிடும். நூறாண்டுக்கு மேல் குளிர்நீர் காத்துத் தந்ததை இந்தச் சிப்பிகள் சில பத்தாண்டுகளில் குலைத்துக்கொண்டிருக்கின்றன.

அதனால் எனக்கு இதில் ஒரே கருத்துதான்: பார்க்க முடிகிற இப்போதே எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். ஒன்டாரியோ ஏரியில் 1813இல் கவிழ்ந்த ஹாமில்டன், ஸ்கர்ஜ் என்ற இரண்டு போர்ப் பாய்க்கப்பல்களை 1982இல், சிப்பி வருவதற்கு முன்பே, படமெடுத்துவிட்டார்கள். ஹாமில்டனின் முகப்பிலுள்ள டயானா சிலையின் முகம் அந்தப் படங்களில் துலக்கமாக இருக்கிறது. பின்னாளில் குவாகா அங்கேயும் போய்ச் சேர்ந்தது. இன்று விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலத் தொல்லியலாளர்களும் தன்னார்வ முக்குளிப்பாளர்களும் ஆயிரக்கணக்கான படங்களைக் கோத்து, மூழ்கிய கப்பல்களின் முப்பரிமாண உருவங்களைக் கணினியில் உருவாக்கிவருகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பணமும் ஆளும் போதாது என்பதே என் கவலை.

சுப்பீரியர் ஏரி மட்டும் பெரும்பாலும் தப்பியிருக்கிறது. ஓடு கட்டத் தேவையான கால்சியம் அதன் நீரில் குறைவு. மற்ற ஏரிகளில் முக்குளித்தவர்கள் உடையையும் கருவிகளையும் கழுவி, முழுக்க உலர்த்திய பிறகே அங்கே இறங்க வேண்டும் என்கிறார்கள். வழிகாட்ட ஆள் அமர்த்த மறுத்ததால் 1911இல் அந்த ஏரியில் மூழ்கிய ‘குனில்டா’ என்ற உல்லாசப் படகைப் பற்றியும் அதன் செல்வந்த உரிமையாளரைப் பற்றியும் அடுத்த வாரம்.

(தொடரும்)