60 கிலோவுக்குள் ஒரு நியாயம்

முவாய் தாய் என்கிற தாய்லாந்துக் குத்துச்சண்டையில் முழங்கையும் முழங்காலும்கூட ஆயுதம் என்பது தெரிந்த செய்தி. அதன் உண்மையான விசேஷம் கழுத்துப் பிடியில் இருக்கிறது. சாதாரணக் குத்துச்சண்டையில் இருவர் கட்டிக்கொண்டால் நடுவர் பிரித்துவிடுவார். இங்கே அந்தப் பிடிக்குள்ளும் சண்டை தொடரும்: எதிராளியின் கழுத்தை இரு கைகளாலும் வளைத்து, தலையைக் கீழே இழுத்து, முழங்காலால் இடிப்பார்கள், நிலைகுலைத்துக் கீழே தள்ளுவார்கள். குத்து வந்தால் விலகிக்கொள்ளலாம். கழுத்தில் தொங்கும் பாரத்திலிருந்து விலக வழியில்லை. மூன்று கிலோ கூடுதலாக உள்ளவர் சாய்ந்து நின்றே எதிராளியைக் களைக்க வைத்துவிடலாம். எடைப் பிரிவு இந்த விளையாட்டின் உயிர்நாடி என்பது அதனால்தான்.

சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் ஆண்கள் லைட்வெயிட் என்றால் 57 கிலோவுக்கு மேல், 60 கிலோவுக்குள். இந்த எல்லைக்கு அர்த்தம் தருவது, சண்டை உள்ள ஒவ்வொரு நாள் காலையும் வீரரை எடை பார்க்கும் விதி. பல தொழில்முறைச் சண்டைகளில் முந்தின நாளே எடை பார்த்துவிடுகிறார்கள். உடலின் நீரை வியர்வையாக வெளியேற்றி 60 காட்டிவிட்டு, இரவெல்லாம் குடித்தும் சாப்பிட்டும் பல கிலோ ஏறி மேடைக்கு வர அது வழிவிடுகிறது. தினமும் தராசு ஏற வேண்டிய அமெச்சூர் வீரருக்கு அந்த அவகாசம் இல்லை. இறுதிச்சுற்று வரை அவர் 60 கிலோக்காரராகவே வாழ வேண்டும்.

அவகாசம் குறைந்தால் வீரர்கள் வறண்ட உடலோடு மேடையேறுவார்களே, அது இன்னும் ஆபத்தல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீர் குறைந்தால் இரத்தத்தின் அளவு குறைகிறது, இதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது, உடல் சூட்டைத் தணிக்க முடியாமல் திணறுகிறது. 1997-இன் இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும் முயற்சியிலேயே இறந்தார்கள். அதன்பின் அங்கே எடை பார்க்கும் நேரத்தைப் போட்டிக்கு அருகே கொண்டுவந்தார்கள். வியர்க்க வைக்கும் ரப்பர் உடையைத் தடைசெய்தார்கள். எந்த வீரர் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே, உடலின் நீர்ச்சத்தையும் கொழுப்பையும் சோதித்து நிர்ணயித்தார்கள். தினசரி எடை பாதி மருந்துதான். இந்தச் சோதனை மறுபாதி. இரண்டும் சேர்ந்தால்தான் ஏமாற்றும் குறையும், ஆபத்தும் குறையும்.

விதிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், 64 கிலோ இளைஞரை 60-க்கு இறக்கினால் பதக்கம் எளிது என்று கணக்குப் போடும் பயிற்சியாளர் அவற்றைத் தோற்கடித்துவிடுவார். ஆரோக்கியமாக உண்டு, உறங்கி, உழைக்கும் உடல் எந்த எடையில் நிற்கிறதோ அதுவே அந்த வீரரின் பிரிவு. அதில் வெல்லக் கற்றுக்கொடுப்பதற்குப் பெயர்தான் பயிற்சி.