எந்த நோட்டில் தவறு?

மொசார்ட் 1788-ல் தொடக்க மாணவர்களுக்கென்றே எழுதிய சி மேஜர் சொனாட்டாவை, பியானோ படிக்கும் பிள்ளைகளில் பலர் என்றாவது ஒருநாள் வாசிக்க உட்காருகிறார்கள். முதல் நான்கு பார் சிரமமில்லாமல் போய்விடும். ஐந்தாவது பாரில் வலது கை ஸ்கேலாக ஏறி இறங்கத் தொடங்கும்போதுதான் சிக்கல். மூன்று நோட்டு முடிந்ததும் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து நான்காவது நோட்டைப் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் கனமான விரல். பழகாத கையில் அந்த ஒரு நோட்டு மட்டும் ‘டம்’மென்று விழுந்து ஓட்டத்தை உடைத்துவிடும். கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர், “நாலாவது நோட்டுல கட்டைவிரல் இடிக்குது, அதை முன்னாடியே உள்ள கொண்டு வந்து வச்சுக்கோ” என்று சொல்லலாம். “இத்தனை வருஷம் கத்துக்கிட்ட லட்சணமா இது? உனக்கெல்லாம் எதுக்குப் பியானோ?” என்றும் சொல்லலாம். நம் வீடுகளில் இரண்டுக்கும் கண்டிப்பு என்றே பெயர். இரண்டாவது பேச்சு வலிப்பதால் அது இன்னும் ஆழமாக வேலை செய்யும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. இந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். விமர்சனத்தால் வரும் நன்மை முழுவதும் அதன் துல்லியத்திலிருந்து வருகிறது; கடுமை அதோடு ஒட்டிக்கொண்டு வந்து நல்ல பெயர் வாங்கிவிடுகிறது. இது புரிந்தால், கடுமையான ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளை எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், எதைக் காதோடு விட்டுவிட வேண்டும் என்பதும் தெளிவாகும்.

ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவரிடமே எடுத்துச் சொல்வது எப்போது உதவுகிறது என்று அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரு உளவியலாளர்கள் 1996-ல் ஆராய்ந்தார்கள். அதற்கு முன் நடந்த ஆய்வுகளிலிருந்து 600-க்கும் மேற்பட்ட முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியில் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில், கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கேட்பவரின் கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் திரும்பத் திரும்பப் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பியானோவில் இது உடனே தெரிந்துவிடும். கண் அடுத்த பாரைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும், காது இப்போது ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்ய வேண்டும். இதற்கு நடுவே ‘மிஸ் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்’ என்ற கேள்வியும் மனசுக்குள் ஓடினால் கை தடுமாறத்தான் செய்யும். தோளும் மணிக்கட்டும் இறுகிப்போகும். இறுகிய கையில் கட்டைவிரல் இன்னும் பலமாக இடிக்கும். திட்டியதே திட்டு வாங்கிய தவறை வளர்க்கிறது.

இன்னொரு சான்று இசை ஆய்விலிருந்தே வருகிறது. ராபர்ட் டியூக்கும் அவருடைய சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பியானோவை முதன்மைப் பாடமாகப் படித்த 17 கல்லூரி மாணவர்களிடம் ஷோஸ்டகோவிச்சின் முதல் பியானோ கான்செர்ட்டோவிலிருந்து ஒரு சிறு பகுதியைக் கொடுத்துப் பழகச் சொன்னார்கள். மறுநாள் யார் நன்றாக வாசித்தார்கள் என்பதற்கும் எவ்வளவு நேரம் பழகினார்கள், எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் சம்பந்தம் இருக்கவில்லை. தவறு வந்தபோது என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். முன்னணியில் வந்த மூவரும் தவறிய இடத்தைச் சரியாக அடையாளம் கண்டார்கள். அங்கே வேகத்தைக் குறைத்தார்கள். சரியாகும் வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வாரம் ஒருமுறை வரும் ஆசிரியர் இந்தத் தேடலைச் சுருக்கித் தருகிறவர். இடத்தைக் காட்டாமல் ஆளை மட்டும் திட்டிவிட்டுப் போகும் ஆசிரியர், அந்த வாரம் பாடமே எடுக்கவில்லை.

“பெரிய கலைஞர்கள் எல்லாம் இப்படித் திட்டு வாங்கித்தானே வந்தார்கள்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைக்கல்லூரி 1924-ல் தொடங்கிய காலத்திலிருந்து அங்கே கற்பித்த இசபெல் வெங்கரோவா கோபத்துக்குப் பேர்போனவர். லியனார்ட் பெர்ன்ஸ்டைனும் சாமுவேல் பார்பரும் அவரிடம் படித்தவர்கள். பியானோ கலைஞர் கேரி கிராஃப்மன் 1936-ல், ஏழு வயதில், அவரிடம் சேர்ந்து பத்து ஆண்டுகள் படித்தார். ஆனால் வெங்கரோவாவிடம் கோபம் மட்டுமா இருந்தது? மணிக்கட்டைத் தளர்த்துவது, நோட்டுகளைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து முதல் நோட்டில் அழுத்தம் கொடுத்து மெதுவாகப் பழகுவது என்று மிகத் திட்டமான ஒரு முறை இருந்தது. மாணவரை அடிப்படையிலிருந்து மறுபடி தொடங்க வைத்து, அந்த முறையை இம்மி பிசகாமல் கற்றுக்கொடுத்தார். இதில் பியானோ கலைஞரை உருவாக்கியது எது என்பதற்கு அடுத்த தலைமுறை சாட்சி. கிராஃப்மன் பிற்பாடு அதே கர்டிஸில் ஆசிரியரானார். உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர்களான லாங் லாங்கும் யூஜா வாங்கும் அவருடைய மாணவர்கள். அவர்கள் தங்கள் வழியில் சிந்திக்க இடம் கொடுத்ததற்காக அறியப்பட்டவர் அவர். போட்டிகளை வெல்வதிலேயே குறியாக வந்த லாங் லாங்கை அதிலிருந்து மெல்ல மெல்ல விலக்கினார். தரம் இறங்கவே இல்லை. கோபம் மட்டும் கைமாறாமல் நின்றுபோனது. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கடுமையைத் தாங்கி வென்றவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும். அதே அறையிலிருந்து அழுதுகொண்டே போய்ப் பியானோ மூடியைத் திறக்காமலே இருந்துவிட்டவர்களின் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை.

அடுத்த ஆட்சேபம் ஆசிரியர்களுடையது: “திட்டினால் அடுத்த வாரம் நன்றாக வாசிக்கிறாள், பாராட்டினால் கோட்டை விடுகிறாள். கண்ணால் பார்க்கிறோமே!” பார்ப்பது உண்மை, முடிவுதான் பிழை. உளவியலாளர் டேனியல் கானெமன் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் பேசியபோது இதே வாதத்தைக் கேட்டார். அவர் கொடுத்த பதில் புள்ளியியல் சார்ந்தது. ஒருவருடைய திறமை ஒரே மட்டத்தில் இருந்தாலும் நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் இருக்கும். வழக்கத்தைவிட மிக மோசமாக வாசித்த நாளில்தான் திட்டு விழுகிறது. அதற்கு அடுத்த வகுப்பு, யாரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும், பெரும்பாலும் வழக்கமான நிலைக்குத் திரும்பிவிடும். மிக நன்றாக வாசித்த நாளில் பாராட்டு கிடைக்கிறது. அடுத்தது பழைய நிலைக்கு இறங்கும். இந்த இயல்பான மீள்வைத் திட்டு தன் வெற்றியாக எழுதிக்கொள்கிறது. இதைச் சொல்வதால் வெறும் பாராட்டுக்கு வக்காலத்து வாங்குவதாக ஆகாது. “நீ பிறவிக் கலைஞன்” என்ற புகழ்ச்சியிலும் எந்த நோட்டு என்ற தகவல் இல்லை. அதுவும் கவனத்தை ஆள்மீதுதான் திருப்புகிறது.

அப்படியானால் கடுமையான ஆசிரியர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன செய்வது? எதிர்த்துப் பேசுவது நம் பழக்கத்தில் எளிதல்ல, தேவையும் இல்லை. “எந்த பார்ல இருந்து திரும்ப வாசிக்கட்டும் மிஸ்?” என்று கேட்டாலே போதும். மரியாதை குறையாத இந்தக் கேள்வி, தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பவரை இசைத்தாளுக்கு அழைத்து வருகிறது. அவர் சொல்லும் இடத்தைப் பென்சிலால் தாளிலேயே வட்டமிட வேண்டும். வகுப்பு முடிந்ததும் வட்டங்களை மட்டும் பார்க்க வேண்டும்; மற்ற வார்த்தைகளைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டாம். சென்னையில் ஏராளமான பிள்ளைகள் எழுதும் டிரினிட்டி கிரேடு தேர்வின் மதிப்பெண் முறையும் இதற்கு உதவும். ஒரு பாட்டுக்கு 22 மதிப்பெண். நோட்டு தவறாமல் தடையின்றி வாசித்ததற்கு 7, கை நுட்பத்துக்கு 7, கேட்பவர் மனதில் இசையைக் கொண்டு சேர்த்ததற்கு 8. “நல்லாவே இல்ல” என்று ஆசிரியர் சொன்னால், இந்த மூன்றில் எது நன்றாக இல்லை என்று விசாரிக்கலாம். அந்த மதிப்பெண் தாளில் ‘லாயக்கில்லாதவன்’ என்பதற்குக் கட்டம் கிடையாது.

ஆனால் தகவலையும் தீர்ப்பையும் இப்படிப் பிரித்துப் பார்ப்பது பதினைந்து வயதுக்குச் சாத்தியம். ஏழு வயதுக் குழந்தைக்கு டீச்சர் சொன்னது முழுவதும் உண்மை. பெஞ்சமின் ப்ளூம் 1985-ல் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்ற கச்சேரிப் பியானோ கலைஞர்கள், தங்கள் முதல் ஆசிரியரைப் பெரும்பாலும் அன்பானவராகவே நினைவுகூர்ந்தார்கள். கறாரான ஆசிரியர்கள் பிறகுதான் வந்தார்கள். இங்கிலாந்தில் இசை கற்ற 257 பிள்ளைகளை வைத்து 1998-ல் வெளியான ஆய்விலும் அதே சாயல் தெரிந்தது. ஆகவே சிறு குழந்தைக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை பெற்றோருடையது. அவர்களே ஆசிரியரோடு சேர்ந்து திட்டினால் என்னவாகும் என்பதை லாங் லாங் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பெய்ஜிங்கில் ஒரு ஆசிரியர் சிறுவனான அவரைக் கைவிட்டபோது, அப்பா ஆவேசத்தில் செத்துப்போகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு மாதக்கணக்கில் பியானோவைத் தொட மறுத்தான் அந்தப் பையன். அவர் மீண்டு வந்தார் என்பதை வைத்து அந்த நாளை நியாயப்படுத்த முடியாது.

சில வாரங்கள் தொடர்ந்து தாளில் ஒரு வட்டம்கூட விழவில்லை, வீட்டுக்கு வருவது வசவு மட்டும்தான் என்றால் ஆசிரியரை மாற்றிவிட வேண்டும். குழந்தைக்கு வகுப்பு நாளன்று வயிறு வலிக்கத் தொடங்கியிருந்தால் அந்தச் சில வாரங்களும் வேண்டாம். “எக்ஸாம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று பெற்றோர் தயங்குவது இந்த இடத்தில்தான். கிரேடு தேர்வு அடுத்த ஆண்டும் நடக்கும். அதற்கு வயது வரம்பும் இல்லை.